யூனிஸ் சிரிக்கக் கூடாத கல்யாணம்

என் மனைவி வேலை செய்யும்போது நான் அவளுடைய இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இதைச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். யூனிஸ் கல்யாணப் போட்டோகிராபர். பெண்ணும் மாப்பிள்ளையும் நடந்து வரும்போது அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு படம் எடுக்க வேண்டும். அவளுக்கு முதுகில் கண் கிடையாது. நீலகிரியில் படிக்கட்டு இல்லாத மண்டபமும் மேடு பள்ளம் இல்லாத வாசலும் எங்கே இருக்கின்றன? ஆகவே நான் பின்னால் நின்று, படி வந்தால் லேசாக இழுத்து, சாக்கடை வந்தால் நிறுத்தி, ஜீப்பை ஓட்டுவது மாதிரி அவளையும் ஓட்டிக்கொண்டு போவேன். ஜீப்புக்காவது பிரேக் உண்டு.

என் பெயர் ஷிஜோ. தொழில் ஜீப் ஓட்டுவது. பிறந்தது கேரள எல்லையோரம் நாடுகாணி. கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊரான கேத்திக்கு வந்து சேர்ந்தேன். நாங்கள் சந்தித்ததே ஒரு கல்யாணத்தில்தான். நாடுகாணியில் ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டி ஓட்டப் போயிருந்தேன். கழுத்தில் இரண்டு கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்த ஒரு பெண், நான் கத்தக் கத்தக் கேட்காமல், தேயிலைத் தோட்டத்து வாய்க்காலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். கேமரா இரண்டும் தலைக்கு மேலே பத்திரமாக இருந்தன. மற்றதெல்லாம் சேற்றில். உட்கார்ந்த இடத்திலேயே அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தூக்கிவிடப் போன மாப்பிள்ளை சிரித்தான், அவனைப் பிடிக்கப் போன மாமா சிரித்தார், ஒருவர் கையிலும் பலம் இல்லாமல் போய்விட்டது. எனக்குச் சிரிப்பு சீக்கிரத்தில் வராது. அந்த ஒரே தகுதியால் நான்தான் அவளைத் தூக்கினேன். அன்றைக்குப் பிடித்தவன் இன்னும் விடவில்லை.

அந்தச் சிரிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அதனால் வந்த வினை. முதலில் மூக்கிலிருந்து ஒரு சின்னக் கீச்சு வரும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்குமே, அந்த மாதிரி. பிறகு அமைதி. தெரியாதவர்கள் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் வருவதைக் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் எழுந்து நிற்கும். கேட்டவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இடம் பொருள் தெரியாது என்று சொல்ல முடியாது, நன்றாகவே தெரியும். எங்கே சிரிக்கக் கூடாதோ சரியாக அங்கேதான் வரும். பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோது வந்து, டாக்டர் வெளியே போய் நின்றுவிட்டார்.

நியாயமாகப் பார்த்தால் எங்களுக்குச் சோறு போடுவதும் அந்தச் சிரிப்புதான். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெரிய தலைவலி ஸ்வெட்டர். பட்டுச்சேலை எடுக்கக் கோயமுத்தூர் வரை போய்க் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கல்யாணத்தன்று அதற்கு மேலே ஒரு பழுப்பு ஸ்வெட்டரை மாட்டி, காதை மூடிக் குல்லாவும் போட்டு, மேடையில் வந்து நிற்பார்கள். அப்படியே எடுத்துக் கொடுத்தால், "ஏனுங்க, என்ற சேலையே தெரியலீங்களே" என்று எங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள். எனவே குரூப் போட்டோவுக்கு முன்னால் யூனிஸ் மேடைக்கு எதிரே நின்று, "எல்லாரும் ஸ்வெட்டரைக் கழட்டி என்ற ஊட்டுக்காரர்கிட்டக் குடுத்துருங்க, அவரு சும்மாதான் நிக்கறாரு" என்பாள். என் கைகளில் ஸ்வெட்டர்கள் குவியும். குவியலுக்கு மேலே குல்லாக்கள். என் முகம் மறைந்ததும் அவளுக்குக் கீச்சு வரும். அதைக் கேட்டு மேடை முழுவதும் சிரிக்கும். குளிரில் பல் கிட்டி நின்ற குடும்பம் ஆல்பத்தில் சந்தோஷத்தில் மிதக்கும். எந்த ஸ்வெட்டர் யாருடையது என்று பிரித்துக் கொடுப்பது மட்டும் என் தலையில்.

அவளுக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. "என்ற போனும் உங்க ஜீப்புந்தான் ஸ்டூடியோ" என்பாள். கோயமுத்தூரில் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தவள். அங்கே முதலாளி சொல்கிற மாதிரிதான் பெண் தலையைச் சாய்க்க வேண்டும், அவர் சொல்கிற மாதிரிதான் மாப்பிள்ளை பூவை நீட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு வந்து தனியாகத் தொழில் செய்கிறாள். குளிரிலிருந்து மண்டபத்துக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படியும் என்பதால், கேமராவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். ஜீப் குலுங்கினால் எனக்குத் திட்டு விழும். கேத்தியில் காரட் கழுவுகிற இடத்துக்குப் போய், ஈரம் சொட்டச் சொட்டக் குவித்து வைத்த காரட்டின் மேல் கல்யாண மோதிரங்களை வைத்துப் படம் எடுப்பாள். ஒருமுறை ஒரு மோதிரம் உருண்டு குவியலுக்குள் போய்விட்டது. பெண்ணின் அப்பா, மாப்பிள்ளை, லோடு ஏற்றுகிறவர்கள், நான், எல்லோரும் மண்டியிட்டுக் காரட்டைக் கிளறினோம். யூனிஸ் தேடவில்லை. தேடுகிறவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மோதிரம் கிடைத்தது. அந்தப் படம்தான் ஆல்பத்தின் அட்டையில் போனது.

சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் கல்யாணம் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். சிலோனிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் அங்கே நிறைய. தெய்வம்மா என்று ஒரு பெரியவள், தன் மகள் கல்யாணத்தில், "எங்க லயத்துச் சனம் மொத்தமும் ஒரே படத்துல வரோணும், ஒரு ஆள் விடப்படாது" என்று சொல்லிவிட்டாள். வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேரையும் சரிவில் நிறுத்தினால், ஈர மண்ணில் முன்வரிசை மெதுவாகச் சறுக்கிக் கீழே வருகிறது. நாங்கள் பின்னால் போகப் போக அவர்களும் நிதானமாக வந்துகொண்டே இருக்கிறார்கள். யூனிஸுக்குக் கீச்சு வந்தது. பிறகு சரிவு முழுக்கச் சிரிப்பு. தெய்வம்மா போகும்போது என்னிடம், "தம்பி, இந்தப் புள்ளைய நல்லாப் பாத்துக்க. படம் கெடக்கட்டும், இது சிரிக்கிறதுக்கே கூப்பிடலாம்" என்றாள்.

எல்லா இடத்திலும் அப்படிச் சொல்வார்களா? எங்கள் சபையிலேயே வம்பு வந்தது.

கேத்திப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மேட்டில் இருக்கிறது எங்கள் ஆலயம். யூனிஸுக்கு ஞானஸ்நானம் அங்கேதான். எங்கள் கல்யாணமும் அங்கேதான். ஆயர் சில்வஸ்டர் ஐயா நல்ல மனிதர், ஆனால் ஆராதனையில் யாராவது தும்மினால்கூட நிறுத்திவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம். உடன்படிக்கை சொல்லும் நேரம். மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்வை. "நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றார் ஆயர். "நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றான் மாப்பிள்ளை. ஆயர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "அத இல்லப்பா" என்றார். மாப்பிள்ளை கணீரென்று, "அத இல்லப்பா" என்றான்.

கீச்சு கேட்டது. நான் பெல்ட்டைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்ததை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஆலயம் மொத்தமும் சிரித்து ஓய்ந்தபோது, பெண் முக்காட்டுக்குள் தேம்பிக்கொண்டிருந்தாள். யூனிஸுக்கு முகம் செத்துப்போனது. அடுத்த நாளே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் அதற்குள் தன் புருஷனை "அத இல்லப்பா" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள், அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆயர்தான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் சொல்லிவிட்டார்: "யூனிஸ் ஜெபிக்க வரலாம். பாட வரலாம். கேமராவோட வரக் கூடாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே வேறு சபைக்குப் போயிருப்பேன். யூனிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் விருந்தாளியாகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து, வேறு யாரோ எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கைகளை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ஆயரின் மகள் கெஸியா, அப்பாவைக் கையோடு இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். கெஸியாவுக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார். சடை பின்னிவிட்டது, ஸ்கூலுக்கு அனுப்பியது எல்லாம் ஆயர்தான்; ஒரு பக்கச் சடை எப்போதும் மேலே ஏறியிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அவள் டீச்சர். ஓசூரில் வேலை செய்கிற பெனிஸ் என்ற பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அக்கா, என்ற கல்யாணத்துக்கு நீங்கதான் படம் எடுக்கோணும்" என்றாள். "அப்பா ஒத்துக்கலீன்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கறேன்னு சொல்லிப்புட்டேன்."

ஆயர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "ஏம்மா யூனிஸ். ஒரே ஒரு நிபந்தனை. கோயிலுக்குள்ள உன்ற சிரிப்பு கேக்கக் கூடாது. கேக்காட்டி, பழையபடி எல்லாக் கல்யாணத்துக்கும் வந்து எடுத்துக்க. கேட்டுச்சுன்னா, இந்தச் சபையில எந்த ஊட்டுக் கல்யாணத்துக்கும் உன்னையக் கூப்பிட வேண்டாமுன்னு நானே சொல்லிப்புடுவேன்."

எங்களுக்கு வருகிற கல்யாணங்களில் பாதிக்கு மேல் இந்தச் சபைக் குடும்பங்களுடையவை. ஆலயத்துக்குள் விடாவிட்டாலும் வீட்டுச் சடங்குகளுக்கும் வரவேற்புக்கும் யூனிஸைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதுவும் போனால், அவள் திரும்பவும் கோயமுத்தூருக்குப் போய் யாரோ ஒருவர் சொல்கிற பக்கம் பெண்ணின் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "சரிங்கையா" என்றாள்.

கல்யாண நாள் வரை எங்கள் வீட்டில் சிரிப்பை அடக்கும் பயிற்சி நடந்தது. நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவளுடைய அம்மாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆயர் மாதிரி நிற்க வேண்டும். அவள் கேமராவைத் தூக்கிக்கொண்டு என் எதிரே நிற்பாள். "அன்பானவர்களே" என்று ஆரம்பிப்பேன். நாடுகாணித் தமிழில் அது கொஞ்சம் வேறு மாதிரி வரும்போலிருக்கிறது. முதல் வார்த்தையிலேயே அவள் தரையில் உருள்வாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள். பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சிறுத்தை வந்த நாளை நினைத்துப் பார்த்தாள். அன்றைக்கு நான் ஏணியில் ஏறி நின்றது ஞாபகம் வந்து இன்னும் மோசமாகிவிட்டது. போதும் என்று மலையாளத்தில், "மதி, மதி" என்று கத்தி நான் போர்வையை வீசியெறிந்தேன். கடைசியில் மிளகுதான் கைகொடுத்தது. நாலைந்து மிளகைக் கடைவாயில் வைத்து, கீச்சு வரும்போது நறுக்கென்று கடித்தால், கண்ணில் தண்ணீர் வரும், சிரிப்பு வராது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆலயத்தில் ஒத்திகை பார்த்தார்கள். கல்யாணத்தை நடத்தி வைக்க ஆயரின் நண்பர், இன்னொரு ஆயர், கோயமுத்தூரிலிருந்து வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு அவருக்குப் பதில், ஆலயத்தைத் திறந்து பூட்டி மணியடிக்கும் கோயில்குட்டியார் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். சில்வஸ்டர் ஐயா வெறும் அப்பா மட்டும்தான். புது கோட்டு போட்டுப் பார்த்து, எங்கே நிற்க வேண்டும், எப்போது பேச வேண்டும் என்று எல்லாம் கேட்டுக்கொண்டார். பிசகில்லாமல் முடிந்தது.

விடிந்தால் மழை. காலையில் பெண் வீட்டுப் படங்கள் எல்லாம் முடித்து நாங்கள் ஆலயத்துக்கு வந்தபோது பெஞ்சுகள் நிரம்பியிருந்தன. பெனிஸ் முன்னால் நின்று கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தான். கெஸியா காரில் காத்திருந்தாள். அப்போது ஆயருக்குப் போன் வந்தது. மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மரம் மண்ணோடு சாய்ந்து ரோட்டை மறித்துவிட்டது, நண்பர் வரிசையில் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறார், முன்னாலும் வர முடியாது, பின்னாலும் போக முடியாது.

சபையின் மூப்பர்கள் வாசலில் கூடிப் பேசினார்கள். பின்கட்டிலிருந்து பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. "ஏனுங்கையா, நீங்களே நடத்திப்புடுங்க" என்றார் ஒருவர். வேறு வழியில்லை. ஆயர் அவசர அவசரமாகக் கோட்டுக்கு மேலேயே வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டார். அதே வேகத்தில் மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். அவர்களுக்கு முன்னால் யூனிஸ் பின்பக்கமாக நடந்தாள், அவளுக்குப் பின்னால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நான். முன்னே வந்ததும் கெஸியாவை பெனிஸுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஆயர் படியேறிப் போய்ப் பீடத்துக்கு முன்னால் திரும்பி நின்றார். புத்தகத்தைத் திறந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அதற்கப்புறம் அவர் ஆயர்.

பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. யூனிஸ் ஓரமாக நின்று எடுத்துக்கொண்டிருந்தாள். மிளகு வாயில் இருக்கிறதா என்று நான் காதோரம் கேட்டேன். இருக்கிறது என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஆயர் பக்கத்தைப் புரட்டி, நிமிர்ந்து, கம்பீரமாகக் கேட்டார்: "இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்கு மணம் செய்துகொடுப்பவர் யார்?"

பதில் இல்லை.

வழக்கமாக இந்த இடத்தில் பெண்ணின் அப்பா ஓர் அடி முன்னால் வந்து "நான்" என்பார். மகளின் கையை எடுத்து ஆயரிடம் கொடுப்பார். ஆயர் அதை மாப்பிள்ளையின் கையில் வைப்பார். எத்தனையோ கல்யாணங்களில் சில்வஸ்டர் ஐயா அந்தக் கையை வாங்கியிருக்கிறார், தாமதமானால் கடுகடுத்தும் இருக்கிறார். இப்போதும் கண்ணாடிக்கு மேலே முன்பெஞ்சைப் பார்த்தார். முன்பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இந்தப் பெண்ணை," என்று இன்னும் சத்தமாக ஆரம்பித்து, "மணம் செய்துகொடுப்பவர் யார்?" என்றார்.

என் கையில் பெல்ட் நடுங்கியது. நறுக்கென்று மிளகு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆயர் புத்தகத்தைத் தாழ்த்தினார். "ஏனப்பா, பொண்ணோட அப்பா எங்க போனாரு? நேத்து அத்தனை தடவ சொல்லிக் குடுத்தமல்ல" என்றார். மைக் எல்லாவற்றையும் நன்றாக எடுத்துக் கொடுத்தது.

முக்காட்டுக்குள்ளிருந்து கெஸியா மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, நீங்கதான்."

அந்த மாதிரி அமைதியை நான் எங்கேயும் பார்த்ததில்லை. இருநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெஞ்சுகள் லேசாகக் குலுங்குகின்றன. ஒரு பாட்டம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொள்கிறார். பெனிஸ் கூரையைப் பார்க்கிறான். எல்லோருடைய கண்களும் ஆயரிடமிருந்து நகர்ந்து நகர்ந்து யூனிஸிடம் வந்து நின்றன. இதோ வந்துவிடும், இதோ கேட்டுவிடும் என்று சபை மொத்தமும் காத்திருந்தது. பெல்ட் வழியாக எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் உடம்பு முழுக்க ஆடுகிறது. மிளகு முழுவதும் தீர்ந்துபோயிருக்க வேண்டும். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கர்த்தாவே, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் விடாமல் எடுத்துக்கொண்டே இருந்தாள். கேமரா சத்தம் நிற்கவே இல்லை. சிரிப்புச் சத்தம் வரவே இல்லை.

ஆயர் படியிறங்கி வந்தார். அப்பா நிற்க வேண்டிய இடத்தில், கெஸியாவுக்கு இடது பக்கத்தில், வந்து நின்றார். மகளின் கையை எடுத்துக்கொண்டார். எதிரே அவர் நின்றிருந்த இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

வார்த்தை வரவில்லை.

சபைக்கு அதுவும் வேடிக்கையாகத்தான் பட்டது. இன்னும் இறுக்கமாக வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஆயருடைய முதுகுதான் தெரிந்தது, எனக்கு யூனிஸின் முதுகுதான் தெரிந்தது. யூனிஸுக்கு மட்டும் அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. பெரிய லென்ஸ் மாட்டிய கேமரா அவள் கண்ணோடு ஒட்டியிருந்தது. திடீரென்று கேமரா சத்தம் நின்றுவிட்டது. பெல்ட்டில் ஆட்டமும் நின்றுவிட்டது. வாய்க்காலில் விழுந்தபோதுகூடக் கேமராவை இறக்காதவள், இப்போது கீழே இறக்கிவிட்டாள்.

ஆயர் முகத்தைத் திருப்பினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. ஊரே பார்க்க, மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு வார்த்தையைச் சொல்ல முடியாமல் நின்றார். அவரும் யூனிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யூனிஸ்," என்றார் அவர், குரல் எழும்பாமல். "சிரிச்சுரு கண்ணு."

அவள் சிரித்தாள்.

ஊரில் எல்லோரும் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள்: யூனிஸால் அடக்க முடியவில்லை, போட்டாளே ஒரு போடு, ஆலயமே அதிர்ந்துபோனது என்று. அவர்களுக்குத் தெரியாது. அவளுடைய எல்லாச் சிரிப்பும் எனக்குத் தெரியும், அதில் கீச்சு இல்லை. முதலில் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தாள். ஜீப்பைக் காலை நேரத்தில் திரும்பத் திரும்பக் கிளப்பிப் பார்ப்பது மாதிரி, வயிற்றிலிருந்து இழுத்து இழுத்து ஒரு சிரிப்பைக் கொண்டுவந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் சிரிப்பை அடக்க மட்டுமே பாடுபட்டவள், முதல்முறையாக அதை வரவழைக்கப் பாடுபட்டாள்.

அது போதுமாக இருந்தது. பிடித்து வைத்திருந்த மூச்செல்லாம் ஒரேயடியாக வெடித்தது. பெஞ்சுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பாட்டம்மா முந்தானையை விட்டுவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டார். மூப்பர் ஒருவர் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து வெளியே ஓடினார். பெனிஸ் சிரித்தான், கெஸியா முக்காட்டைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். ஒருவரும் ஆயரைப் பார்க்கவில்லை. அந்தச் சந்தடிக்குள் அவர் அங்கியின் கையால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார், மகளின் தலையில் முத்தமிட்டார், "நான்" என்று சொன்னார். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். கெஸியாவுக்கு மட்டும் அது கேட்டிருக்கும்.

பிறகு அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி ஓடினார். தான் கொடுத்த கையைத் தானே வாங்க வேண்டுமே. மேலே போனவர், கையை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து மறுபடி இறங்கினார். அதைப் பார்த்துச் சபை இரண்டாவது தடவை சிரித்தது. இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். கேமரா சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

பந்தியில் யூனிஸ் சாப்பிடவில்லை. பிரியாணியைக் கிளறிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, கேட்டுச்சல்ல. சபை மொத்தத்துக்குந்தான கேட்டுச்சு" என்றாள் என்னிடம். "அவரே சொல்லித்தான் சிரிச்சே" என்றேன். "அது எத்தனை பேருக்குங்க தெரியும்? மூப்பருங்க கேட்டா அவரு என்ன சொல்லுவாரு, நான் அழுதுட்டு நின்னேன்னு சொல்லுவாரா?" என்றாள்.

கெஸியா வந்து கேமராவை வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஆயர் புத்தகத்தைத் தாழ்த்துவது இருந்தது, முன்பெஞ்சு முழிப்பது இருந்தது, பெனிஸ் கூரையைப் பார்ப்பது இருந்தது. "அக்கா, அப்பா பக்கத்துல வந்து நின்னு கையப் புடிச்சாரே, அது எங்கீங்க?" என்றாள். "அது விட்டுப்போச்சு கண்ணு" என்றாள் யூனிஸ். கெஸியா கேமராவைத் திருப்பிக் கொடுத்து, அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அதை எல்லாம் ஆயர் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அங்கியைக் கழற்றிவிட்டிருந்தார். கையில் ஒரு தட்டில் தயிர்ப் பச்சடியோடு வந்து, யூனிஸுக்கு அவரே பரிமாறினார். யூனிஸ் எழுந்து நின்றாள்.

"ஐயா, நிபந்தன..."

"கோயிலுக்குள்ள உன்ற சிரிப்பு கேக்கக் கூடாதுன்னேன்" என்றார் ஆயர். "கேக்கலியே."

யூனிஸ் ஒன்றும் புரியாமல் நின்றாள்.

"ஞானஸ்நானத்துக்குத் தூக்குன நாள்ல இருந்து கேக்கறேன் உன்ற சிரிப்ப. அது இது இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" தட்டில் மிச்சமிருந்த பச்சடியையும் அவள் இலையில் வழித்துவிட்டார். "அடுத்த சனிக்கிழமை கல்யாணம் இருக்குது. கேமராவோட நேரத்துக்கு வந்துரு. மாப்பிள்ளை வேற கொஞ்சம் திக்குமுக்காடற ஆளாட்ட இருக்குது, உன்ற பாடு அவன் பாடு."

சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்கு நகர்ந்தார். யூனிஸ் உட்கார்ந்தாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். மூக்கிலிருந்து ஒரு சின்னக் கீச்சு வந்தது. நான் சட்டென்று அவளுடைய தண்ணீர் டம்ளரைக் கவிழாதபடி தள்ளி வைத்தேன்.